ஜார்ஜ் கார்லினின் ஏழு சிடி பெட்டி: வாங்குவது முதல் கேட்டு முடிப்பது வரை

அமெரிக்க மேடை நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் நம்மில் பலருக்கு அறிமுகமானது ஒரு நிமிடக் காணொளித் துண்டு வழியாகத்தான். வெள்ளைத் தாடி, கறுப்புச் சட்டை, அமெரிக்காவைத் திட்டித் தீர்க்கும் ஒரு கிழவர். அந்தத் துண்டுகள் நன்றாகவே இருக்கும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது, குழம்பை விட்டுவிட்டுத் தாளிப்பை மட்டும் வழித்துச் சாப்பிடுவது போல. 1970களில் லிட்டில் டேவிட் என்ற ரெக்கார்டு நிறுவனத்துக்காக அவர் பதிந்த ஆல்பங்களில் இருக்கும் ஆள் வேறு. வயது முப்பத்தைந்தை ஒட்டி, நீள முடி, கோபத்தைவிடக் குறும்பு அதிகம்.

அந்த ஆறு ஆல்பங்களையும் சேர்த்து 1999-இல் 'தி லிட்டில் டேவிட் இயர்ஸ்' என்ற பெயரில் ஏழு சிடி கொண்ட பெட்டியாக வெளியிட்டார்கள். அதை வாங்கிக் கேட்டு முடிக்க நினைக்கும் புதியவருக்கான வழிகாட்டி இது. ரசனை பற்றிய கட்டுரை என்றாலும் பாதி இடத்தைச் சுங்கவரியும் கீறலும்தான் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது கோட்டை விட்டால் ரசிக்க ஒன்றும் மிஞ்சாது.

1. சரியான பெட்டிதானா என்று பாருங்கள்

கார்லின் பெயரில் பெட்டிகள் நிறைய உண்டு. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். நீங்கள் தேடும் பெட்டியில் இருக்க வேண்டியவை இவை:

- எஃப்எம் அண்ட் ஏஎம் (1972)
- கிளாஸ் க்ளவுன் (1972)
- ஆக்குபேஷன்: ஃபூல் (1973)
- டொலீடோ விண்டோ பாக்ஸ் (1974)
- ஆன் ஈவ்னிங் வித் வாலி லொண்டோ (1975)
- ஆன் தி ரோட் (1977)
- இவற்றோடு, ஆல்பங்களில் இடம்பெறாத பதிவுகள் கொண்ட ஏழாவது சிடி

பெட்டியின் மேல் 1971–1977 என்று போட்டிருக்கும். முதல் ஆல்பம் 1971 ஜூனில் வாஷிங்டன் நகரத்து செல்லர் டோர் அரங்கில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்ததால் அப்படி. ஆண்டு பொருந்தவில்லையே, போலியோ என்று குழம்ப வேண்டாம்.

'கிளாசிக் கோல்ட்' என்று 1992-இல் வந்த இரட்டை சிடி வேறு. அதில் முதல் மூன்று ஆல்பங்கள் மட்டும்தான். 'ஆல் மை ஸ்டஃப்' (2007), 'கமெமரேட்டிவ் கலெக்‌ஷன்' (2018) இரண்டும் எச்பிஓ தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் வீடியோத் தொகுப்புகள். அவற்றை வாங்கிவிட்டு ஆல்பங்கள் எங்கே என்று தேடினால் கிடைக்காது.

பழைய பெட்டியை விற்பவரிடம் பணம் கட்டுவதற்கு முன் மூன்று படம் கேளுங்கள். ஏழு சிடியும் முகம் மேலே தெரிய ஒன்று, அவற்றின் அடிப்பக்கம் விளக்கொளியில் ஒன்று, உள்ளே வரும் சிறுபுத்தகம் விரித்தபடி ஒன்று. இப்படிப்பட்ட பெட்டிகளில் முதலில் காணாமல் போவது ஏழாவது சிடியும் புத்தகமும்தான். 'முழு செட்' என்று விற்பவர் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

2. பணம், அட்டை, சுங்கம்

புதிய பெட்டி கடையில் கிடைப்பது அரிது. டிஸ்காக்ஸ், ஈபே போன்ற தளங்களில் பழையதாகத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து. விலை விற்பவருக்கு விற்பவர் மாறும் என்பதால் இங்கே ஒரு தொகையைச் சொல்வதில் பயனில்லை. கணக்குப் போடும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

பெட்டி 40 டாலர், தபால் செலவு 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சுங்கம் வரி போடுவது 40-க்கு அல்ல, தபால் செலவையும் சேர்த்த 65-க்கு. அதன்மேல் அடிப்படைச் சுங்கவரி, அதற்கு மேல் ஜிஎஸ்டி. தனிநபர் இறக்குமதிக்கான விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது. அதனால் வாங்கும் மாதத்தில் நிலவும் விகிதத்தைப் பாருங்கள், போன வருடம் யாரோ எழுதியதைப் பார்த்துக் கணக்கிடாதீர்கள். 'கிஃப்ட் என்று எழுதி அனுப்பட்டுமா' என்று சில விற்பனையாளர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரியும் தப்பாது, பார்சல் தொலைந்தால் நஷ்டஈடு கேட்கவும் வழி இருக்காது.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை:

உங்கள் வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வையுங்கள். 2020 முதல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய அட்டைகளில் அது மூடியே வரும். அதைத் திறக்காமல் நாலு முறை முயன்று, அட்டையே முடங்கிப் போகிறவர்கள் உண்டு. வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.

கூரியரில் வந்தால் அடையாள ஆவணம் கேட்பார்கள். இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது, இனிஷியல். பார்சலில் 'எஸ். முருகன்' என்றும் ஆதாரில் 'முருகன் சண்முகம்' என்றும் இருந்தால் பார்சல் அங்கேயே நிற்கும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே முகவரியிலும் கொடுங்கள். விலைச்சீட்டையும் பணம் கட்டிய ரசீதையும் பிடிஎஃப் ஆகத் தயாராக வையுங்கள். சுங்கத்தில் மதிப்பைச் சந்தேகித்தால் காட்ட வேண்டியது அதுதான்.

நேரம்: சாதாரண விமானத் தபாலுக்கு மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஒதுக்குங்கள். பின்தொடரும் எண் இல்லாத தபாலில், சில டாலர் மிச்சம் என்பதற்காக, ஏழு சிடி பெட்டியை வரவழைக்காதீர்கள்.

இத்தனையும் வேண்டாம் என்றால் ஸ்ட்ரீமிங்கில் ஆல்பம் ஆல்பமாகக் கேட்கலாம். அது தவறில்லை. ஆனால் நகைச்சுவை ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்கில் நிலையாக இருப்பதில்லை. ஒலிப்பதிவின் உரிமை ஒருவரிடம், மேடையில் சொன்ன வரிகளின் உரிமை வேறொருவரிடம் என்ற தகராறு எழுந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் கார்லின் தரப்பும் சேர்ந்து பண்டோரா என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது இந்த விஷயத்தில்தான். இன்று இருக்கும் ஆல்பம் அடுத்த மாதம் மறைந்து போகலாம்.

3. எல்பி வேண்டும் என்றால் கடைசி ஐந்து நிமிடத்தைக் கேளுங்கள்

எல்பி எனும் கறுப்பு இசைத்தட்டில் கேட்கும் ஆசை உள்ளவர்கள் ஆறு ஆல்பங்களையும் தனித்தனியாகத் தேட வேண்டும். அட்டையின் முதுகில் உள்ள எண்ணைப் பாருங்கள். எஃப்எம் அண்ட் ஏஎம் என்றால் எல்டி 7214, கிளாஸ் க்ளவுன் எல்டி 1004, ஆக்குபேஷன்: ஃபூல் எல்டி 1005.

பாட்டுத் தட்டுக்குச் செல்லும் தர அளவு பேச்சுத் தட்டுக்குச் செல்லாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரம்ஸும் கிதாரும் இடைவிடாமல் ஒலிக்கும்போது 'டிக்' சத்தம் அதில் அமுங்கிவிடும். கார்லினிடம் பாதி வித்தையே மௌனத்தில் இருக்கிறது. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒன்றரை விநாடி சும்மா நிற்பார், கூட்டம் தானாகப் புரிந்துகொண்டு சிரிக்கும். அந்த ஒன்றரை விநாடியில் நாலு 'டிக்' விழுந்தால் நகைச்சுவை செத்தது. பாட்டுத் தட்டு 'விஜி பிளஸ்' தரத்தில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பேச்சுத் தட்டுக்கு அதற்கு ஒரு படி மேலே, 'நியர் மின்ட்' தரத்துக்குப் போங்கள்.

கிளாஸ் க்ளவுனில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் புகழ்பெற்ற பகுதி, தொலைக்காட்சியில் சொல்லவே கூடாத ஏழு சொற்கள் பற்றியது, இரண்டாம் பக்கத்தின் கடைசி. அதாவது மையத்துக்கு மிக அருகில். உள்வட்டத்தில் ஊசி ஒரு சுற்றில் கடக்கும் நீளம் குறைவு, அதனால் ஒலி நெருக்கிப் பதிந்திருக்கும், சிதைவும் அங்கேதான் அதிகம். அதோடு, 1972-இல் இந்தத் தட்டை வாங்கியவர்கள் விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியது அந்த ஒரு பகுதியைத்தான். ஊசியைத் தூக்கித் தூக்கி அங்கேயே வைத்திருப்பார்கள். மற்ற இடமெல்லாம் கண்ணாடி போல மின்னும், அந்த ஐந்து நிமிடம் மட்டும் நெருப்பில் விறகு வெடிப்பது போலக் கேட்கும். ஆகவே விற்பவரிடம் 'இரண்டாம் பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை ஓடவிட்டுப் பதிந்து அனுப்புங்கள்' என்று கேளுங்கள். ஆக்குபேஷன்: ஃபூல் ஆல்பத்துக்கும் இதே விதி, அதிலும் கடைசிப் பகுதிதான் பிரபலம்.

தட்டு வாங்குவதில் ஒரு லாபம் உண்டு, அட்டை. கிளாஸ் க்ளவுன் அட்டையில் லெனர்ட் ஷ்னைடர் என்பவருக்கு நன்றி சொல்லியிருக்கும், எல்லா ஆபத்தையும் தாங்கிக்கொண்டதற்காக. யாரோ ஒரு நண்பர் என்று கடந்துவிடாதீர்கள். நகைச்சுவைக் கலைஞர் லென்னி ப்ரூஸின் இயற்பெயர் அது. மேடையில் பேசியதற்காகவே திரும்பத் திரும்பக் கைதானவர் அவர்.

4. கைக்கு வந்ததும்

பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். ஏழு சிடியையும் ஒரு முறை முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். முதல் பாட்டுப் போல முதல் டிராக்கை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று விற்பவருக்கு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள், அதன்பிறகு புகார் எடுபடாது.

கணினியில் பிரதி எடுத்து வைப்பது நல்லது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் இலவசம், படிப்பதில் பிழை வந்தால் எந்த இடத்தில் என்று காட்டும். சிடி ஒலி நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. ஓர் ஆல்பம் முக்கால் மணி நேரம் என்று வைத்தால் ஏழு சிடிக்கும் சேர்த்து 3 ஜிபி சொச்சம் வரும். தரம் குறைக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் வைத்தால் இன்னும் குறையும்.

பிறகு பிளேயரில் அல்லது செயலியில் இவற்றை மாற்றுங்கள்:

- ஷஃபிள்: அணைக்கவும். நான்காம் டிராக்கில் வரும் சிரிப்பு இரண்டாம் டிராக்கில் சொன்னதை நம்பியிருக்கும்.
- கிராஸ்ஃபேட்: பூஜ்ஜியம். பாட்டுக்கு வைத்த ஆறு விநாடி கிராஸ்ஃபேட், இங்கே ஒரு பகுதியின் கடைசிச் சிரிப்பின் மேல் அடுத்த பகுதியின் முதல் வாக்கியத்தை ஏற்றிவிடும்.
- கேப்லெஸ்: இயக்கவும். கைத்தட்டல் நடுவே வெட்டுப்படாமல் ஓடும்.
- பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர்: அணைக்கவும். மனிதக் குரலுக்கு அது பகை.
- வயதுவந்தோர் உள்ளடக்க வடிகட்டி: ஸ்ட்ரீமிங்கில் இது இயங்கினால் சில டிராக்குகள் மட்டும் மங்கித் தெரியும், தட்டினால் ஓடாது. ஆல்பமே குறையாக ஏற்றப்பட்டிருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.
- வேகம்: 1 மட்டும். 1.25-இல் பாட்காஸ்ட் கேட்டுப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மௌனத்தையும் சேர்த்துச் சுருக்கிவிட்டு, அப்புறம் என்ன கேட்பது?

வீட்டில் ஸ்பீக்கரில் போடாதீர்கள். கெட்ட வார்த்தை தாராளமாக வரும். ஆங்கிலம் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரிந்த வார்த்தைகள் அவை.

5. எந்த வரிசையில்

பெட்டி ஆண்டு வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையிலேயே போகலாம், ஆனால் தமிழ்நாட்டிலிருந்து முதல் முறையாகக் கேட்பவருக்கு அது சிறந்த வாசல் அல்ல என்பது என் எண்ணம். முதல் ஆல்பத்தின் பாதி, அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கேலி செய்வது. அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்திராத நமக்கு அது காற்றில் போய்விடும்.

முதல் மாலை: கிளாஸ் க்ளவுன், முதல் பக்கம் (பக்கம் என்றால் எல்பியின் பக்கம், சிடியில் ஆல்பத்தின் ஒரு பாதி). வகுப்பில் வாத்தியார் முதுகைத் திருப்பியதும் சேட்டை செய்யும் பையனைப் பற்றியது. முதல் பகுதியே பதினாறு நிமிடம். அதில் அவர் 'பைலேபியல் ஃப்ரிக்கேட்டிவ்' என்று ஒலியியல் பேராசிரியர் போல ஒரு சொல்லைப் போடுவார். இரண்டு உதட்டையும் குவித்து 'ப்ர்ர்ர்' என்று ஊதுவதற்குப் பெயர்தான் அது. அடுத்துக் கன்னத்தில் விரல் விட்டு 'பொட்' என்று எடுப்பது, அக்குளில் கை வைத்து அமுக்குவது என்று ஒவ்வொன்றாக வரும். எந்தப் பள்ளிக்கூடத்தில் இது நடக்கவில்லை? ஆங்கிலத்தின் வேகம் பிடிபடாதவர்களும் இங்கே சிரிக்கத் தொடங்கலாம், காது அவருடைய நியூயார்க் உச்சரிப்புக்குப் பழகவும் இந்தப் பதினாறு நிமிடம் போதும். ஒரு சத்தத்தை முதல் முறை எதற்காகச் செய்கிறார், இரண்டாம் முறை எதற்காகச் செய்கிறார் என்று கவனியுங்கள். முதலில் உதாரணம், பிறகு அதுவே பதில்.

இரண்டாம் மாலை: அதன் இரண்டாம் பக்கம். இதற்கு ஆறாம் படியைப் படித்துவிட்டு வாருங்கள்.

மூன்று, நான்கு: ஆன் தி ரோட். பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்லும் வசனங்களும் பிள்ளைகள் மனசுக்குள் முணுமுணுக்கும் பதில்களும் ஒரு பகுதி. வீட்டு விதிகளைப் பற்றி இன்னொன்று. நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும்.

ஐந்து, ஆறு: ஆக்குபேஷன்: ஃபூல். நியூயார்க் தெருவின் குரல்களை மிமிக்ரி செய்வதில் அவர் எவ்வளவு கெட்டி என்பது இதில்தான் தெரியும்.

ஏழு, எட்டு: வாலி லொண்டோ. இதில் பேஸ்பாலையும் அமெரிக்க ஃபுட்பாலையும் ஒப்பிடும் பகுதிக்கு இரண்டு விளையாட்டின் விதியும் தெரிய வேண்டியதில்லை. அவர் ஒப்பிடுவது ஆட்டத்தை அல்ல, ஆட்டத்தில் புழங்கும் சொற்களை. ஃபுட்பாலில் குண்டு, தாக்குதல், எதிரியின் எல்லை என்று முழுக்கப் படைச் சொற்கள். பேஸ்பாலில் ஓடியவன் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் பெயர் 'ஹோம்'. இந்த ஒன்று தெரிந்தால் போதும். குரலைக் கவனியுங்கள். ஒன்றுக்குத் தாலாட்டும் குரல், மற்றதற்கு சார்ஜன்ட் குரல். இதையே 1984-இல் 'கார்லின் ஆன் கேம்பஸ்' நிகழ்ச்சியிலும் செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு நகைச்சுவைக் கலைஞன் ஒன்பது ஆண்டில் ஒரே பகுதியை எப்படிச் சீவிச் சீவிக் கூராக்குகிறான் என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஒன்பது, பத்து: எஃப்எம் அண்ட் ஏஎம். இப்போது இதற்கு நீங்கள் தயார். கிராமி வாங்கிய ஆல்பம்.

பதினொன்று, பன்னிரண்டு: டொலீடோ விண்டோ பாக்ஸ். கஞ்சாச் செடி பற்றிய பெயர் அது. ஆறில் இதுதான் தளர்ந்தது. குழந்தைப் பாடல்களைப் பிய்த்துப் போடும் இடம் மட்டும் நன்றாக இருக்கும். முதலில் இதைக் கேட்டவர்கள் இவருக்கா இத்தனை பெயர் என்று மூடி வைத்துவிடக்கூடும்.

ஏழாவது சிடி கடைசியில். ஆல்பங்களைக் கேட்காமல் அதைக் கேட்டால் தலையும் தெரியாது வாலும் தெரியாது.

ஒரு மாலைக்கு ஒரு பக்கம், இருபது இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். முதல் தடவை கையில் எழுத்து வடிவம் எதுவும் இல்லாமல் கேளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தாதீர்கள், நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த இடங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி அகராதி புரட்டினால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும். கூட்டம் சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

6. முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியவை

கத்தோலிக்கப் பள்ளி. கிளாஸ் க்ளவுன் இரண்டாம் பக்கத்தின் பெரும்பகுதி இதுதான். தமிழ்நாட்டில் ஆர்.சி. பள்ளியில் படித்தவர்களுக்கு இது தெரிந்த உலகம், அமெரிக்கர்களிலேயே பலரைவிட நமக்கு நெருக்கம் என்றுகூடச் சொல்வேன். அவர் சொல்லும் 'கன்ஃபெஷன்' நம் பாவசங்கீர்த்தனம். 'மார்ட்டல் சின்' சாவான பாவம். 'பர்கட்டரி' உத்தரிக்கிற ஸ்தலம். வெள்ளிக்கிழமை இறைச்சி உண்ணாத விதி நம்மூரில் சுத்த போசனம். 1966-இல் அமெரிக்க ஆயர்கள் அந்த விதியைத் தளர்த்தினார்கள். நகைச்சுவையின் ஆணிவேர் அங்கே இருக்கிறது. விதி மாறுவதற்கு முந்தைய வாரம் இறைச்சி தின்று செத்தவன் கதி என்ன? இந்த ஆண்டு தெரியாவிட்டால் அந்தப் பகுதி முழுக்கப் புரியாமல் போகும்.

பங்குச் சாமியாரிடம் விவகாரமான கேள்விகளைக் கேட்டு மடக்கும் பையன்களும் வருவார்கள். கடவுளால் எல்லாம் முடியும் என்றால், தன்னாலேயே தூக்க முடியாத பாறையை அவரால் படைக்க முடியுமா? மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டு உதை வாங்கியவர்கள் நம்மூரிலும் இருப்பார்கள்.

ஏஎம்மும் எஃப்எம்மும். நமக்கு எஃப்எம் என்றால் கத்திக்கொண்டே இருக்கும் ஆர்ஜே. அன்றைய அமெரிக்காவில் நேர் எதிர். ஏஎம் தான் ஹிட் பாட்டு, விளம்பர மெட்டு, கூச்சல். எஃப்எம் நீண்ட பாட்டுகளையும் மாற்றுக் கலாசார இளைஞர்களையும் சார்ந்தது. ஆல்பத்தின் முதல் பக்கமான எஃப்எம்மில் புதிய, நீள முடிக் கார்லின். இரண்டாம் பக்கமான ஏஎம்மில் கோட்டு சூட்டுப் போட்ட பழைய தொலைக்காட்சிக் கார்லினின் சரக்கு. ஒரே தட்டில் இரண்டு ஆள். நம் எஃப்எம் நினைப்போடு கேட்டால் எல்லாம் தலைகீழாகப் புரியும்.

முகம்மது அலி. கிளாஸ் க்ளவுனின் இரண்டாம் பக்கத்தில் பேச்சு இவரைப் பற்றியும் போகும். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-இல் இவருடைய குத்துச்சண்டைப் பட்டம் பறிபோனது, 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கிளாஸ் க்ளவுன் பதிவானது 1972 மே 27, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில். அரங்கில் இருந்தவர்களுக்கு அது நேற்றைய செய்தி.

7. ஏழு சொற்கள்: படிக்க வேண்டிய ஆவணம்

இதைத்தான் எல்லாரும் முதலில் தேடிக் கேட்கிறார்கள். கிளாஸ் க்ளவுனை முழுதாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் இதற்கு வந்தால் ருசியே வேறு. ஒலிகளோடு விளையாடும் பையன், ஜெபங்களைக் கேள்வி கேட்கும் பையன், பிறகு சொற்களையே கேள்வி கேட்கும் மனிதன் என்று ஆல்பம் ஏறிக்கொண்டே போகிறது. தனியாக எடுத்துக் கேட்டால் வெறும் கெட்ட வார்த்தைப் பட்டியலாகத்தான் படும்.

இங்கே பலர் செய்யும் தவறு: நீதிமன்ற வழக்கு கிளாஸ் க்ளவுன் பதிவின் மேல் என்று நினைப்பது. அல்ல. 1972 ஜூலை 21 அன்று மில்வாக்கி நகர விழாவில் இந்தச் சொற்களை மேடையில் சொன்னதற்காக அவர் கைதானார், அந்த வழக்கு அந்த ஆண்டு டிசம்பரிலேயே தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் வரை போனது அடுத்த ஆல்பமான ஆக்குபேஷன்: ஃபூலின் கடைசிப் பகுதி. 1973 அக்டோபர் 30 பிற்பகல் 2 மணி வாக்கில் நியூயார்க்கின் டபிள்யூபிஏஐ வானொலி அதை ஒலிபரப்பியது. 1978 ஜூலை 3-இல் தீர்ப்பு, ஐந்துக்கு நான்கு, வானொலி நிலையத்துக்கு எதிராக.

அந்தத் தீர்ப்பை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். 'எஃப்சிசி எதிர் பசிஃபிகா ஃபவுண்டேஷன்', 438 யு.எஸ். 726 என்று தேடுங்கள். எஃப்சிசி வானொலியை மேற்பார்க்கும் அரசு ஆணையம், பசிஃபிகா அந்த வானொலியை நடத்திய அமைப்பு. தீர்ப்பின் பின்னிணைப்பில் ஆணையம் தயாரித்த முழு எழுத்து வடிவம் இருக்கிறது, எங்கே கூட்டம் சிரித்தது என்ற குறிப்போடு. கேட்கும்போது புரியாத இடங்களுக்கு இதைவிட நம்பகமான எழுத்து வடிவம் இல்லை. ரசிகர்கள் ஏற்றிவைத்த எழுத்து வடிவங்களில் பிழை மலிந்து கிடக்கும், பல ஆண்டுகளின் பதிப்புகள் ஒன்றோடொன்று கலந்தும் இருக்கும். தீர்ப்பின் வாதங்களையும் படியுங்கள், ஆனால் பன்னிரண்டு நிமிடப் பகுதியைக் கேட்ட பிறகு.

8. போலிகள்

2024 ஜனவரியில் கார்லின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் செய்து ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றை வெளியிட்டார்கள். குடும்பத்தினர் வழக்குப் போட்டு அதை நீக்க வைத்தார்கள். அதன் நகல்களும் அதுபோன்ற வேறு சிலவும் எங்காவது தட்டுப்படும். அவர் இறந்தது 2008 ஜூன் 22. அதற்குப் பிந்தைய செய்தியைப் பற்றி அவர் பேசினால் மூடிவிடுங்கள்.

பெரிய வீடு சின்னக் குடும்பம், நிறைய மருந்து குறைந்த ஆரோக்கியம் என்று போகும் ஓர் உருக்கமான கட்டுரை அவர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும். அது அவர் எழுதியதல்ல, உயிரோடு இருந்தபோதே மறுத்துவிட்டார். ஆறு ஆல்பம் கேட்டவருக்கு இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும்.

இறந்த பிறகு வந்ததெல்லாம் போலி என்றும் எண்ண வேண்டாம். 2016-இல் வெளியான 'ஐ கைண்டா லைக் இட் வென் எ லாட்டா பீப்பிள் டை' அசல்தான். 2001 செப்டம்பர் 9, 10 தேதிகளில் லாஸ் வேகாஸில் பதிவானது. மறுநாள் நடந்ததால் கிடப்பில் போட்டார்கள்.

9. பெட்டி முடிந்த பிறகு

ஆல்பம் வரிசையில் அடுத்தது 'எ ப்ளேஸ் ஃபார் மை ஸ்டஃப்' (1981). காட்சியாகப் பார்க்க விரும்பினால் 1977-இல் யுஎஸ்சி பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் எச்பிஓ நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள். இதுவரை காதால் மட்டும் கேட்ட கோணங்கியின் முகம் அப்போது தெரியும். அங்கிருந்து நேராக 1992-இன் 'ஜாமின் இன் நியூயார்க்'குக்குத் தாவலாம். கறுப்புச் சட்டைக் கிழவர் அதற்குப் பிறகுதான் முழுதாக வருகிறார்.

வீடியோப் பெட்டி வாங்கினால் மண்டல எண்ணைப் பாருங்கள். அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியா 5. சிடிக்கு இந்தத் தொல்லை இல்லை. பல மண்டலப் பிளேயர் இருந்தால் கவலையில்லை. கணினி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் ஐந்து முறைதான். ஐந்தாவதில் எது இருக்கிறதோ அது அப்படியே பூட்டிக்கொள்ளும்.